பாமாலைக்கு வாய் திறக்காத மாப்பிள்ளை

கேள்வி: எங்கள் மூத்த மாப்பிள்ளை பெங்களூரில் ஒரு சீர்திருத்த சபைக்குப் போகிறார். ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள சங்கீதங்களை மட்டும்தான் பாட வேண்டுமாம். எங்கள் ஆலயத்தில் பாமாலை, கீர்த்தனை என்று பிற்காலத்தில் எழுதிய பாட்டுகள் என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். அடுத்த மாதம் இளையவளுக்குத் திருமணம். சொந்தக்காரர்கள் முன்னால் சங்கடமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, மாப்பிள்ளை புதிதாக எதையும் கிளப்பவில்லை. சீர்திருத்த சபைகளின் முன்னோடி கால்வினின் ஜெனீவாவில் சபையார் பாடியது பெரும்பாலும் சங்கீதங்களைத்தான். 150 சங்கீதங்களும் பாட்டாக அமைந்த புத்தகம் அங்கே 1562-ல் முழுமையானது. ஸ்காட்லாந்தின் 1650-ஆம் வருடத்துச் சங்கீதப் புத்தகத்தை இன்றும் பாடுகிறார்கள். தேவனே ஒரு பாட்டுப் புத்தகம் தந்திருக்க, நாம் எழுதியதை அவர் முன் ஏன் நீட்ட வேண்டும் என்கிற பயபக்தி அது. கேலி செய்யாதீர்கள்.

ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. கொலோசெயர் 3:16-ல் பவுல் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு மூன்றையும் சொல்கிறாரே என்றால், மூன்றுமே சங்கீதப் புத்தகத்தைத்தான் குறிக்கும் என்பார் மாப்பிள்ளை. அந்தச் சண்டை ஓயாது, விடுங்கள். என் சிக்கல் வேறு. சங்கீதங்கள் இயேசுவுக்கு முன்பே எழுதப்பட்டவை; அவை மட்டும் என்றால் இயேசு என்று பெயர் சொல்லிப் பாடவே முடியாது. பிரசங்கத்திலும் ஜெபத்திலும் சொந்த வார்த்தைகளில் அவரைச் சொல்லலாம், பாட்டில் மட்டும் கூடாதா? ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் 1707-ல் தன் பாடல்களை வெளியிட்டதற்குப் பின்னால் இந்தக் குறையும் இருந்தது. சங்கீதம் மட்டும் என்று இருந்த ஸ்காட்லாந்து சுதந்திர சபையே 2010 நவம்பரில் 98-க்கு 84 என்ற வாக்கில் மற்றப் பாடல்களுக்கும் இடம் கொடுத்துவிட்டது. நம் தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்கள் வேதநாயகம் சாஸ்திரியாரையும் கிருஷ்ணபிள்ளையையும் ஆலயத்துக்கு வெளியே நிறுத்த எனக்கு மனசு வராது.

ஒரு விஷயத்தில் அவர் நம்மைக் குத்திக்காட்டலாம். நாம் சங்கீதத்தை மாறி மாறி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம், பாடுவது அபூர்வம். அதனால் புலம்பலும் போய்விட்டது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருட்டுதான். இப்போதைய கீபோர்டுப் பாட்டுகளில் அப்படி அழ இடம் இருக்கிறதா என்ன?

சரி, திருமணம். பாட்டுத்தாள் அச்சுக்குப் போகும் முன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு சங்கீதப் பாட்டைத் தேர்ந்து தரச் சொல்லுங்கள். 128 கல்யாணத்துக்குப் பொருத்தம், 121-ம் நன்றாக இருக்கும். மற்றப் பாட்டுகளுக்கு அவர் சும்மா நின்றால் நிற்கட்டும். யாராவது கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சமாளிக்க வேண்டாம். அவர் சபையில் வழக்கம் வேறு என்று சொன்னால் போதும்.