பெருந்தொற்றுக் காலத்தில் வழக்கமான புற்றுநோய் முன்பரிசோதனைக்குப் போகலாமா, தள்ளிப்போடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை, கடைசி மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் எடுத்தவை, இரண்டிலும் குறை ஏதும் சொல்லப்படவில்லை, தொற்று பரவிக்கொண்டிருக்கும் வேளையில் வெறும் வழக்கத்துக்காக மருத்துவமனைப் படியேறத்தான் வேண்டுமா? நான் மருத்துவர் அல்ல. தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பத்தில் பிறந்து, பல ஆண்டுகளாக முறைப்படி மேமோகிராம் எடுத்துக்கொள்கிறவள். கோவிட் காலத்தில் எனக்குக் கொடுத்திருந்த நாளைப் பரிசோதனை மையமே ரத்து செய்துவிட, பிறகு வேறு நாள் பெற்றுப் போய் வந்தவள். அந்த அனுபவத்தையும், அப்போது என் மருத்துவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் வைத்தே எழுதுகிறேன். என் பதில் இதுதான்: சில மாதங்கள் தள்ளிப்போட்டாலும் தவறில்லாத பரிசோதனைகள் உண்டு; ஆனால் மறு தேதி குறிக்காமல் தள்ளிப்போடக்கூடிய பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மார்பில் கட்டி தட்டுப்படுவது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, தோல் உள்ளிழுத்துச் சுருங்குவது, மாதவிடாய் நின்ற பிறகோ உடலுறவுக்குப் பிறகோ இரத்தம் போவது, மலத்தில் இரத்தம், காரணம் தெரியாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், நீங்கள் கேட்ட கேள்வியே உங்களுக்குப் பொருந்தாது. அது முன்பரிசோதனை அன்று, நோயறியும் பரிசோதனை; அதற்கு இரண்டாம் யோசனை வேண்டாம், தொற்று அலை உச்சத்தில் இருந்தாலும் மருத்துவரை அழைத்துச் சொல்லிவிட வேண்டும். 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, சிகிச்சை நான்கு வாரம் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் இறக்கும் அபாயம், புற்றுநோயின் வகையையும் சிகிச்சையின் வகையையும் பொறுத்து, ஏறத்தாழ 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்று காட்டியது. இந்தக் கணக்கை எடுத்து முன்பரிசோதனைக்கு நாள் தவறியவர்களைப் பயமுறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியல்ல. அந்த ஆய்வு நோய் உறுதியாகி அறுவை சிகிச்சைக்கோ மருந்துக்கோ காத்திருப்பவர்களைப் பற்றியது. தொந்தரவு ஏதும் இல்லாமல் முறைக்காகச் செல்கிறவரின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கு நோய் வளரும் வேகத்தில்தான் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் ஒரு பெண்ணின் உடலில் ஹெச்பிவி கிருமி தங்கி, கருப்பைவாய்ப் புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறவும் பெரும்பாலும் பத்தாண்டு அளவில் ஆகிறது. அதனால்தான் குறையேதும் காணாத ஹெச்பிவி பரிசோதனைக்குப் பின் ஐந்து ஆண்டும், குறையேதும் காணாத கொலோனோஸ்கோப்பிக்கு (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) பின் பத்து ஆண்டும் இடைவெளி விடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் இவ்வளவு பொறுமையானதன்று. வேகம் ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே அதற்கான இடைவெளி ஓராண்டு, இரண்டாண்டு என்று குறுகியிருக்கிறது. எப்படியிருந்தாலும், முந்தைய முடிவு சரியாக இருந்து, அபாயமும் சராசரி அளவிலேயே உள்ள ஒருவருக்கு, அலை வடியும்வரை சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ பொறுப்பதற்கு இந்த இடைவெளிகள் இடம் கொடுக்கின்றன.

எல்லோருக்கும் அந்த இடம் ஒரே அளவில் இல்லை. ஹெச்பிவி கிருமி இருப்பதாக முடிவு வந்து மறுபரிசோதனைக்குக் காத்திருப்பவர், கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்து அதற்குச் சிகிச்சை பெற்றவர், குடும்பத்தில் பலருக்கு இளவயதில் புற்றுநோய் வந்தவர், மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோர் தம் விருப்பத்துக்கு நாளை மாற்றாமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு மேலே சொன்ன 15, 20 ஆண்டு என்பது 5 முதல் 10 ஆண்டாகச் சுருங்கிவிடும். மலப் பரிசோதனையில் இரத்தம் தெரிந்து கொலோனோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவரும் இந்தப் பட்டியலில்தான் வருவார். அவர் இனி வழக்கப் பரிசோதனைக்குப் போகிறவர் அல்லர். நாம் அதிகம் மறந்துவிடுகிற இன்னொருவரும் இருக்கிறார்: வாழ்நாளில் ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொள்ளாதவர். சரியாக இருந்தது என்று சொல்ல அவரிடம் பழைய முடிவு எதுவும் இல்லை. எனவே பொறுத்திருக்கலாம் என்ற வாதமும் அவருக்குப் பொருந்தாது.

கேட்டவரின் நிலையில், கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு ஐந்தாண்டு முறை பின்பற்றப்படும் இடம் என்றால், அதற்கு இன்னும் நாளே வரவில்லை. மேமோகிராமுக்கு நாள் வந்துவிட்டது. அதை இப்போதே பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஏனெனில் இன்று பதிந்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் தேதி பெரும்பாலும் சில வாரங்கள் தள்ளித்தான் இருக்கும், அதற்குள் அலையின் போக்கும் தெரிந்துவிடும்.

நான் தேதியையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் 2020-இல் நடந்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த சில நாட்களுக்குள் பல நாடுகள் முன்பரிசோதனைத் திட்டங்களை நிறுத்தின. நெதர்லாந்து மார்பகம், கருப்பைவாய், பெருங்குடல் ஆகிய மூன்றுக்குமான திட்டங்களையும் நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த, காப்பீடு இல்லாத பெண்களுக்காக நடத்தப்படும் அரசுத் திட்டத்தில், 2020 ஏப்ரலில் நடந்த மார்பகப் பரிசோதனைகள் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளின் அதே மாதச் சராசரியைவிட 87 சதவீதமும், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் 84 சதவீதமும் குறைந்துபோயின. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் நெட் ஷார்ப்லெஸ், மார்பகம், பெருங்குடல் ஆகிய இரண்டு புற்றுநோய்களில் மட்டும் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 10,000 கூடுதல் இறப்புகள் நேரலாம் என்ற மாதிரிக் கணிப்பை அந்த ஜூனில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அது கணிப்புத்தான், நடந்து முடிந்த கணக்கன்று.

திட்டங்கள் மீண்டும் தொடங்கியபோதும் பழைய வேகம் திரும்பவில்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே கருவியைத் துடைக்க வேண்டும், அறைக்குக் காற்றோட்டம் தர வேண்டும், காத்திருப்போரைத் தள்ளி உட்காரவைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பார்க்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைந்தது, வரிசை நீண்டது. நெதர்லாந்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த மார்பகப் பரிசோதனை இடைவெளியை மூன்றாண்டு வரை தற்காலிகமாக நீட்ட வேண்டி வந்தது. சும்மா "கொஞ்ச நாள் போகட்டும்" என்று இருப்பவருடைய இரண்டு மாதம், இந்த வரிசையில் போய் நிற்கும்போது ஓராண்டாகிவிடுகிறது. அலுவலக வேலை, வீட்டு வேலை, அடுத்த அலை என்று காரணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். வலிக்காத ஒன்றுக்காக யாரும் நம்மை நினைவூட்டி அழைப்பதில்லை.

என் விஷயத்தில் மையத்திலிருந்து அழைத்த பெண், "நிலைமை சரியானதும் நாங்களே கூப்பிடுகிறோம்" என்றார். அவர் மனதாரச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் என் பெயருக்கு எதிரே தாய்க்கு நோய் இருந்ததைக் குறித்துக்கொள்ளும்படியும், இடையில் யாராவது நாளை மாற்றினால் குறுகிய அவகாசத்திலும் வரத் தயார் என்றும் சொல்லிவைத்தேன். தேதி அப்படித்தான் கிடைத்தது, வேறொருவர் விட்ட இடத்தில்.

போனபோது நேரில் இருந்தது நான் கற்பனை செய்திருந்ததைவிட மிகச் சாதாரணம். முதல் நாளே தொலைபேசியில் காய்ச்சல், இருமல், தொற்றுள்ளவருடன் தொடர்பு என்று கேட்டு முடித்துவிட்டார்கள். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி. துணைக்கு வந்தவருக்கு உள்ளே அனுமதி இல்லை. நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் பெருக்கல் குறியாக நாடா ஒட்டியிருந்தார்கள். படம் எடுத்த பெண், என் கண்ணெதிரிலேயே அழுத்தும் தட்டையும் பிடித்துக்கொள்ளும் கம்பியையும் துடைத்துவிட்டுத்தான் அழைத்தார். ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, ஆக நான்கு படங்கள். தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான் அவர் நெருக்கத்தில் இருந்தார். கதிர் பாயும்போது அவர் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லவில்லை, அது படத்தில் விழுகிற இடத்தில் இல்லை. தட்டு அழுத்தும்போது முகம் போகிற கோணலை மறைத்ததற்காக அதற்கு நான் நன்றிகூடச் சொல்லலாம். அவர் அக்கறையாகக் கேட்ட கேள்வி கிருமியைப் பற்றியதே அன்று: அக்குளில் பவுடரோ டியோடரண்டோ போட்டிருக்கிறீர்களா? அவற்றின் துகள்கள் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிந்து, சில நேரம் புற்றின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் படிவுகள் போல ஏமாற்றக்கூடும். அதற்காக மறுபடி வரச் சொன்னால், தவிர்க்க நினைத்த பயணம் இரண்டாகிவிடும்.

பதிவு செய்யும்போது காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனி வழி இருக்கிறதா, காலையின் முதல் நேரம் கிடைக்குமா, வெளியிலேயே காத்திருந்துவிட்டு அழைத்ததும் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். பழைய படங்கள் வேறு இடத்தில் எடுத்தவை என்றால் மறக்காமல் கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது இருந்தால் தேவையில்லாத மறு அழைப்பு குறையும். அன்று காலையில் தொண்டை கரகரத்தால் போக வேண்டாம், ஆனால் அழைத்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். போகாமல் இருந்துவிட்டால் உங்கள் பெயர் வராதவர் கணக்கில் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் நேரில் போகத் தேவையில்லை என்பதும் இந்தக் காலத்தில் பரவலாகத் தெரியவந்தது. பெருங்குடலுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பிச் செய்துகொள்ளலாம். சராசரி அபாயம் உள்ளவருக்கு அது முறையான மாற்றுதான், ஆனால் அதில் இரத்தம் தெரிந்தால் கொலோனோஸ்கோப்பியைத் தவிர்க்க முடியாது. ஹெச்பிவி பரிசோதனைக்கும் பஞ்சு முனைக் குச்சியால் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறை உண்டு. ஆஸ்திரேலியா 2022 ஜூலையில் அதைத் தன் திட்டத்தில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை. மார்பகத்துக்கு அப்படி வீட்டு வழி எதுவும் இல்லை. தன் மார்பின் இயல்பு தெரிந்திருப்பது நல்லது. கையால் தடவிப் பார்த்தாகிவிட்டது என்பதற்காக மேமோகிராமை விட்டுவிட முடியாது, கைக்குத் தட்டுப்படாததைக் காட்டுவதற்குத்தான் அது இருக்கிறது.

தடுப்பூசி பற்றியும் பலர் குழம்பினார்கள். கோவிட் ஊசி போட்ட பக்கத்து அக்குளில் சிலருக்கு நெறி கட்டும். மேமோகிராமில் அது தெரிந்தால் புற்றோ என்ற ஐயம் எழும். அதனால் அமெரிக்காவின் மார்பகப் படமெடுப்புச் சங்கம் 2021 ஜனவரியில், ஊசிக்கு முன்பே மேமோகிராமை முடித்துவிடலாம், இல்லையெனில் இரண்டாம் ஊசிக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கலாம் என்று சொன்னது. அதையே 2022 பிப்ரவரியில் திருத்தி, ஊசிக்காக மேமோகிராமைத் தள்ளிவைக்க வேண்டாம் என்றது. ஆகவே ஊசியும் மேமோகிராமும் அடுத்தடுத்து வந்தாலும் கவலையில்லை. எந்தக் கையில், எந்தத் தேதியில் போட்டுக்கொண்டீர்கள் என்பதைப் படம் எடுப்பவரிடம் சொல்லி, படத்தைப் படிக்கும் மருத்துவர் பார்க்கும் படிவத்தில் எழுதச் சொல்லிவிடுங்கள்.