எக்ஸ்ரே நட்சத்திரமும் கேழ்வரகுப் புல்லும்

கைவேலைப் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் அலங்காரம் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "செலவில்லாமல் சொல்லுங்கள் டீச்சர்." வேலூரில் முப்பது வருடம் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தவளிடம் வேறு எதைக் கேட்பீர்கள்? கைவேலைக்கென்று பள்ளியில் ஒதுக்கும் பணத்தில் நூல்கண்டு வாங்கினால் ஊசிக்கு இருக்காது. அப்படிப் பழகிய கை இது.

கடையில் வாங்கும் காகித நட்சத்திரம் டிசம்பர் மழையில் நான்கே நாளில் நைந்து தொங்குகிறது. நனைந்தாலும் கெடாத நட்சத்திரத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா? — வாசகி, சத்துவாச்சாரி

முடியும். அதற்கான சாமான் உங்கள் பீரோவின் மேல் பழுப்பு உறைக்குள் இருக்கிறது. வேலூர்க்காரர் வீட்டில் குடை இல்லாமல் இருக்கலாம், பழைய எக்ஸ்ரே படம் இல்லாமல் இருக்காது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் சிறிய அளவில் தொடங்கிய வைத்தியம் பெரிய மருத்துவமனையாக வளர்ந்ததில் ஊருக்குக் கிடைத்த உபரி லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, எடுப்பதற்கு முன் அந்தப் படம் இனிமேல் டாக்டரிடம் காட்டத் தேவைப்படுமா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் எடுத்து, மாமனாரிடம் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

அரை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் படங்களை ஊறப் போடுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படங்கள் என்றால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் கறுப்புப் பூச்சு கூழாகக் கழன்றுவிடும். பழைய துணியால் வழித்து எடுத்தால் அடியில் இளநீலத்தில் கண்ணாடி போன்ற தாள். மார்கழி விடியலில் கோட்டை அகழித் தண்ணீருக்கு ஒரு நிறம் வருமே, ஏறக்குறைய அது. இப்போது கொடுக்கும் படங்களில் பல இதற்கு மசிவதில்லை. அவற்றில் ஒரு மூலையை வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வேலையை வெளியில், கையுறையோடு செய்யுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

சட்டத்துக்கு இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் குச்சி. ஐந்தைந்தாகக் குறுக்கே வைத்துக் கட்டினால் இரண்டு நட்சத்திரம் வரும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நடுவே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் ஐந்தங்குலக் குச்சியை முட்டுக் கொடுத்தால் தட்டையாகக் கிடந்தது பூசணிக்காய் மாதிரி உப்பி எழும்பும். கட்டுவதற்கு நூல் வேண்டாம். சைக்கிள் கடையில் தூக்கிப் போடும் பழைய ட்யூபை மெல்லிய வளையங்களாக நறுக்கிக்கொள்ளுங்கள், மழையில் இளகாது. எக்ஸ்ரே தாளில் பசை நிற்காது. தடித்த ஊசியால் ஓரத்தில் துளையிட்டுக் குச்சியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். முன்னும் பின்னுமாகப் பத்து முக்கோணம், நடுவுக்கு இரண்டு ஐங்கோணம். பெரிய படம் ஐந்து இருந்தால் போதும். பக்கவாட்டு இடுக்குகளை மூடாமல் விடுங்கள், காற்று போக வேண்டும்.

உள்ளே சிறிய எல்.இ.டி. பல்பு மட்டும். ஹோல்டரும் ஒயர் இணைப்பும் நனையாத இடத்தில் இருக்கட்டும். கல்யாணமான வருடம் காகித நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பைப் போட்டுவிட்டுப் நள்ளிரவுப் பூசைக்குப் போனேன். திரும்பி வரும்போது வாசலில் சட்டம் மட்டும் கரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

என் நட்சத்திரத்தின் ஒரு முனையில் மட்டும் கறுப்பைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன். விளக்குப் போட்டால் மாமனாரின் விலா எலும்பு தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்த முனை.

குடிலுக்கு மலையும் புல்லும் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. — வாசகர், வாலாஜாபேட்டை

ஐயா, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். குடில் கட்டுபவருக்கு அது எவ்வளவு வசதி! கிழிந்த கோணிப்பையைச் செம்மண் குழம்பில் முக்குங்கள். குழம்பில் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி சேர்ந்தால் காய்ந்தபின் உதிராது. கவிழ்த்த சட்டி, அட்டைப்பெட்டிகளின் மேல் போர்த்தி, மடிப்புகளைக் கையால் பிடித்துவிட்டு இரண்டு நாள் காய விடுங்கள். பாறை எப்படி அடுக்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

புல்லுக்குக் கேழ்வரகு. ஓர் இரவு ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, டப்பா மூடிகளில் ஈரமணல் பரப்பித் தூவுங்கள். டிசம்பர் 13 வாக்கில் தூவினால் 24ஆம் தேதி இரண்டு விரல் உயரம் பச்சையாக நிற்கும். முளைப்பாரி மாதிரி இருட்டில் வைத்தால் வெளிறி நெட்டையாகப் போகும். ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரெச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது உண்மையான வைக்கோலும் மாடும் கழுதையும்தான் வைத்தார். பிளாஸ்டிக் புல் தேடிக் கடைகடையாக ஏறவில்லை.

சவுக்குக் கிளை ஒரு வாரத்தில் காய்ந்து கொட்டிவிடுகிறது. மாற்று உண்டா? — வாசகி, ஆம்பூர்

வேலிக்காத்தான். சிரிக்காதீர்கள். காய்ந்த கிளை ஒன்றைப் பார்த்து வெட்டிச் சுண்ணாம்பு அடித்தால் பனி படிந்த மரம் போலவே இருக்கும். முள் முனையெல்லாம் மாட்டும் கொக்கி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் வேண்டாம்.

தொங்கவிட முட்டை ஓடு போதும். இரு முனையிலும் துளையிட்டு ஊதினால் உள்ளே இருப்பது ஆம்லெட்டுக்கு வந்துவிடும். ஓட்டை அலசிக் காய வைத்துக்கொள்ளுங்கள். நூலை எப்படிக் கட்டுவது என்று எல்லோரும் இங்கேதான் திணறுகிறார்கள். பாதியாக ஒடித்த தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, குச்சியைச் செங்குத்தாகத் துளைக்குள் விடுங்கள். உள்ளே போனதும் நூலை மெல்ல இழுத்தால் குச்சி படுத்துக்கொள்ளும், பிறகு வெளியே வராது.

சென்ற வருடம் நீங்கள் எழுதியபடி மைதா பசையில் காகித மாலை ஒட்டினேன். எலி தின்றுவிட்டது. — வாசகி, ஆற்காடு

என் தவறுதான் அம்மா. மாவு தின்பண்டம் என்பதை எழுத மறந்தேன். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டுக்கு ஆகாது. இந்த முறை காகித வளையங்களை ஸ்டேப்ளரால் இணையுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தால் இன்னும் உறுதி.

நாங்கள் இந்துக்கள். எதிர்வீட்டில் பார்த்துவிட்டு ஏழு வயது மகள் "நமக்கும் கிறிஸ்துமஸ் வேண்டும்" என்கிறாள். சிறியதாக ஏதாவது? — வாசகி, குடியாத்தம்

தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! 24 காலித் தீப்பெட்டிகளை ஆறுக்கு நான்காக ஒட்டி, ஒன்று முதல் எண் போடச் சொல்லுங்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து தினம் ஒன்றைத் திறக்கட்டும். உள்ளே ஒரு நாள் கமர்கட், ஒரு நாள் குன்றிமணி நிறத்தில் ஒரு பாசிமணி, ஒரு நாள் "இன்று பாட்டிக்குக் கால் பிடித்துவிடு" என்ற சீட்டு. குன்றிமணியையே வைத்துவிடாதீர்கள், அது விஷம். 24ஆம் பெட்டியில் வைப்பதை மட்டும் எதிர்வீட்டுக் குழந்தையிடம் கேட்டு வையுங்கள்.