லேசரில் வெட்டிய கிணற்றடி

அன்புள்ள சார்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. லினோ என்கிற லினோலியம் தகட்டில் செதுக்கி அச்செடுக்கக் கற்றுக்கொண்டு ஆறு மாதம் ஆசையாகச் செய்தேன். அப்புறம் வலது மணிக்கட்டில் வலி வந்தது. உளியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஒரு டேப்லெட் வாங்கித் தந்தாள். அதில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியை வரைந்து, பெயர்ப்பலகை செய்யும் கடையில் கொடுத்து, மரநாரை அழுத்திச் செய்த 6-க்கு 4 அங்குல எம்.டி.எஃப் பலகையில் லேசரால் வெட்டி வாங்கினேன். மை உருட்டி அச்செடுத்தால் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருக்கிறது. நிழல் வரைந்த இடமெல்லாம் பொடிப்பொடிப் புள்ளி. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், "கையால் செதுக்காதது அச்சோவியமே இல்லை" என்கிறார். விட்டுவிடலாமா? மகளின் அலுவலகத்தில் த்ரீடி பிரிண்டர் இருக்கிறதாம். அதில் கட்டை செய்தால் நன்றாக வருமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

கு., திருச்சி

அன்புள்ள கு.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விட வேண்டாம்.

ஆசிரியர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் காலத்து நியூரம்பர்க்கில் கட்டை வெட்டுவதற்கென்றே தொழிலாளிகள் இருந்தார்கள். ஓவியர் வரைவார், அவர்கள் வெட்டுவார்கள். ஜப்பானின் எடோவில் (இன்றைய டோக்கியோ) வேலை இன்னும் பிரிந்து கிடந்தது. வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், காசு போடும் பதிப்பாளர் ஒருவர். 1831 வாக்கில் வெளிவந்த ஓவியர் ஹொகுசாயின் 'கனகாவா பேரலை' அச்சோவியம் அப்படி உருவானதுதான். மெல்லிய தாளில் வரைந்ததைச் செர்ரி மரப்பலகையில் முகம் கவிழ ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார்கள். வரைந்த ஓவியம் அதோடு காலி. ஆக, வரைந்தவரே வெட்ட வேண்டும் என்ற விதி அந்த நாளிலேயே கிடையாது. உங்களுக்குச் செதுக்குபவராக வந்து சேர்ந்தது லேசர், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் ஆசிரியரின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. ஹொகுசாய் இளம் வயதில் கட்டை செதுக்கும் தொழில் கற்றவர். எந்தக் கோடு கத்திக்கு இணங்கும், எது முரண்டு பிடிக்கும் என்று அவருடைய தூரிகைக்குத் தெரியும். உங்கள் டேப்லெட்டுக்குத் தெரியாது. அது திறந்ததும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறது, நீங்களும் பென்சிலால் வரைவதுபோல வரைந்துவிட்டீர்கள். கிணறு, ராட்டினம், வாளி எல்லாம் கறுப்புக் கோட்டில் இருக்கின்றன. பென்சில் ஓவியமாக அது நல்ல படம். கட்டைக்கான படம் இல்லை.

ஒன்றுமே செதுக்காத பலகையில் மை உருட்டி அச்செடுத்தால் முழுக் கறுப்புதான் விழும். அங்கிருந்துதான் ஆரம்பம். ஒவ்வொரு வெட்டும் அந்த இருட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது. உளி பிடித்த ஆறு மாதத்தில் உங்கள் கை இதைத் தானாகவே கற்றிருக்கும். ஒரு கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் தோண்டி எடுக்க வேண்டும், வெள்ளைக் கோட்டுக்கு ஒரே இழுப்பு போதும். அதனால் கை சோம்பல்பட்டு வெள்ளைக் கோட்டைத் தேடிப் போகும். நல்ல செதுக்கு வேலைகளில் பாதி இந்தச் சோம்பலால் வந்தவை என்பது என் சந்தேகம். லேசருக்குச் சோம்பல் கிடையாது. முக்கால் பலகையைப் பொசுக்கி எடு என்றால் முனகாமல் எடுத்துவிடும்.

சின்ன அச்சு என்றாலே எனக்கு இங்கிலாந்தின் மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக் நினைவுக்கு வருவார். பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்தக் கெட்டியான முகத்தில், உலோகத்தில் சித்திர வேலை செய்பவர்கள் பிடிக்கும் கூர்முனை உளியால் கீறினார். 1797-லும் 1804-லும் வந்த அவருடைய பறவை நூலின் இரண்டு பாகங்களிலும் பக்கங்களின் கடைசியில் குட்டிக் குட்டிப் படங்கள் வரும். இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். இறகும் இலையும் நீரும் இருட்டிலிருந்து வெள்ளைக் கோடுகளாக எழுந்து வரும். நம் பக்கத்தில் வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் செய்த, கோலூன்றி நடக்கும் காந்தியின் லினோ அச்சை எல்லோரும் பார்த்திருப்போம். அதிலும் பின்னணி கறுப்புதான், காந்தி வெள்ளையாக நடந்து வருகிறார்.

எனவே அடுத்த முறை டேப்லெட்டில் தாளை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு வெள்ளைப் பிரஷ்ஷால் வரையுங்கள். உங்கள் கிணற்றடிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கிணற்றின் உள்ளே இருட்டு இருந்துவிட்டுப் போகட்டும். மேல்விளிம்பில் விழும் வெயில், கயிற்றின் முறுக்கு, வாளியிலிருந்து சிந்திய தண்ணீர் ஆகியவற்றை மட்டும் எடுங்கள். சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் வேண்டியதில்லை.

ரப்பர் ஸ்டாம்ப் தோற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. உளி போட்ட கோடு மெலிந்து தொடங்கி, தடித்து, மெலிந்து முடியும். நீங்கள் எடுத்த பிரஷ் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தடிமன். அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கும் பிரஷ் ஒன்று அதிலேயே இருக்கும், அதைத் தேடி எடுங்கள். கடைக்காரர் உங்கள் படத்தை வெக்டராக, அதாவது கணினி கணக்கிட்டுப் போடும் கோடுகளாக, மாற்றியிருப்பார் என்றும் நினைக்கிறேன். அப்படி மாற்றும்போது கோட்டின் சொரசொரப்பெல்லாம் வழவழப்பாகிவிடும். வரைந்த படத்தை 600 டி.பி.ஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) பி.என்.ஜி படக்கோப்பாக அப்படியே கொடுத்து, மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புள்ளிகள் வந்தது சாம்பல் நிறத்தால். லேசர் மென்பொருளில் பாதிக் கறுப்பைக் காட்ட ஒரு வழி, புள்ளிகளாக உடைத்துப் பொசுக்குவது. உங்கள் கடையில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எம்.டி.எஃபில் அந்தப் பொடிக் குமிழ்கள் உருளையின் மையைத் தாங்காது. கோப்பில் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் மட்டும் இருக்கட்டும். நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கிப் போடுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் கோப்பில் கறுப்பாக இருப்பதுதான் எரியும். எரிந்த இடத்தில் மை ஏறாது, அச்சில் அது வெள்ளையாக வரும். ஆகவே கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக் கொடுக்க வேண்டும். படத்தை இடவலமாகத் திருப்புவது வேறு வேலை, கடைசியில் அதற்கு வருகிறேன்.

எம்.டி.எஃப் மையைக் குடிக்கும். வெட்டக் கொடுப்பதற்கு முன்பே அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்துக் காய வையுங்கள். நீர் கலந்த மை வேண்டாம், பலகை உப்பிவிடும். பெரிய வெள்ளை இடங்களில் 2 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் உருளை உள்ளே இறங்கி மையைத் தடவிவிட்டு வரும். வெட்டி வாங்கிய பலகையின் கரியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று அச்சு எப்படியும் அழுக்காகத்தான் வரும், அதற்கு நியூஸ்பிரிண்ட் போதும்.

பழைய பழக்கத்தில் லினோவைக் கொண்டுபோகத் தோன்றினால் ஜாக்கிரதை. தரைவிரிப்புக் கடையில் லினோலியம் என்று நான் வாங்கிய துண்டு உண்மையில் பி.வி.சி பிளாஸ்டிக். லேசர் பட்டதும் தொண்டையை அறுக்கும் புகை வந்தது. அது ஹைட்ரஜன் குளோரைடு, நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தையும் அரித்துவிடும். கடைக்காரர் என்னை உள்ளே விட்டதே அதிசயம் என்பதுபோல் பார்த்தார். நிஜ லினோலியத்தில் ஆளிவிதை எண்ணெய் வாசனை இருக்கும், பின்புறம் சணல் துணி தெரியும்.

த்ரீடி பிரிண்டரில் கட்டை செய்வதை நான் சொல்ல மாட்டேன். சாதாரண இயந்திரத்தின் முனை 0.4 மில்லிமீட்டர். அது இழுத்த இழைகளின் வரிகள் அப்படியே அச்சில் விழும், தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். மணிக்கட்டுக்கு அது ஆகாது. ஆனால் அதே பிரிண்டரில் ஒரு குட்டி அச்சு இயந்திரமே செய்துகொள்ளலாம். ஜெர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்னைடர் அப்படி ஒன்றை வடிவமைத்து, கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார். 'ஓப்பன் பிரஸ் புராஜெக்ட்' என்று தேடுங்கள். உங்கள் 6-க்கு 4 அந்தச் சின்ன இயந்திரத்தில் நுழையாது, உள்ளங்கைக்குள் அடங்கும் படங்கள்தான். மரக்கரண்டியால் அரை மணி நேரம் தாளைத் தேய்ப்பதற்குப் பதில் கைப்பிடியைச் சுற்றினால் போதும். உங்கள் வலிக்கு லேசரைவிட இதுதான் பெரிய உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. கிணற்றுச் சுவரில் 1962 என்று வருடம் போட்டிருக்கிறீர்கள். அச்சில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழுந்திருக்கிறது. அப்படியென்றால் மொத்தக் கிணற்றடியும் இடம் வலமாக மாறியிருக்கிறது. துவைக்கிற கல் எந்தப் பக்கம் இருந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.