செய்மதிப் படத்தில் பச்சை, தூண்டிலில் ஒன்றுமில்லை: பருத்தித்துறைக் கடலில் இடம் பார்ப்பது எப்படி?

ரொறன்ரோவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். திருவிழா முடிந்ததும் பருத்தித்துறையில் மச்சானின் பைபர் போட்டில் தூண்டிலோடு கடலுக்குப் போக ஆசை. புளோரிடாவில் நண்பர்களோடு போகும்போது செய்மதி வெப்பநிலைப் படத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிப்போம். அதே படங்களை யாழ்ப்பாணத்துக்கும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறமாகக் கிடக்கிறது. பச்சையப் படமோ கரை முழுக்கப் பச்சை. எங்கே போவது?"

நீங்கள் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் படம் நம்முடைய கடலுக்குப் பாதிதான் பொருந்தும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம்.

புளோரிடாவில் கரைக்கு அருகிலேயே வளைகுடா நீரோட்டம் ஓடுகிறது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டும் இடத்தில், சில கிலோமீற்றருக்குள் வெப்பநிலை பல பாகை மாறிவிடும். அந்தக் கோட்டில்தான் மீன். நம்முடைய கடலில் ஆண்டு முழுவதும் மேல்நீர் பெரும்பாலும் 26 முதல் 30 பாகை செல்சியஸுக்குள் இருக்கிறது. இங்கே அரைப் பாகை மாறினாலே பெரிய விஷயம். உங்கள் செயலியோ 10 பாகையிலிருந்து 32 பாகை வரைக்கும் நிறத்தைப் பிரித்து வைத்திருக்கும், அதனால்தான் எல்லாம் ஒரே சிவப்பு. அமைப்பில் போய் நிற அளவை 27 முதல் 30 வரை என்று சுருக்கிப் பாருங்கள். அதே படத்தில் மடிப்பும் நாக்குமாகக் கோடுகள் தெரிய வரும்.

பச்சையப் படம் வேறு கதை. பச்சையம் என்றால் கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் உள்ள பச்சை நிறப்பொருள், அது கூடிய இடத்தில் மீனுக்கு இரையும் கூடும். செய்மதி கடலின் நிறத்தை அளந்து, அதிலிருந்து பச்சையத்தைக் கணக்கிடுகிறது. ஆழ்கடலில் அந்தக் கணக்கு நன்றாகவே வரும். பாக்கு நீரிணையில் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள். காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கி மேலே வருகிறது. தெளிந்த நாளில் வெண்மணலும் கடற்புல்லும் அடியிலிருந்தே ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. செய்மதிக்கு இதெல்லாம் பச்சையம்தான். ஆரம்பத்தில் நானும் காங்கேசன்துறைக்கு வடக்கே படத்தில் கடும் பச்சையாகத் தெரிந்த ஒரு திட்டைத் தேடிப் போனேன். போய்ச் சேர்ந்தால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கல், வேறு எதுவும் இல்லை. ஒரு நாள் எரிபொருள் போனது. ஆகவே பருத்தித்துறைக்கு மேற்கே, நீரிணைக்குள், பச்சையப் படத்தை ஒதுக்கி வையுங்கள். கிழக்கே கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) தாழ்ந்து வங்காள விரிகுடா தொடங்கும் பக்கத்துக்குத்தான் அது உதவும்.

கடல்மட்ட உயரப் படங்களையும் நீங்கள் பார்த்திருக்கலாம். சோழகக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இலங்கைக்குக் கிழக்கே இடஞ்சுழியாகச் சுழலும் ஒரு பெரிய சுழி உருவாகிறது. கடல் ஆய்வாளர்கள் அதை 'இலங்கைக் குவிமாடம்' என்பார்கள். அதன் நடுவில் கீழ்நீர் மேலேறுகிறது. ஆனால் அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமுள்ள விஷயம். பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளுக்கு உரியது, காலையில் போய் மத்தியானம் திரும்பும் உங்கள் போட்டுக்கு எட்டாது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் கடலடித் தரை, பிறகு நீரோட்டம், பிறகு நீரின் நிறம். செய்மதி இந்த மூன்றுக்கும் பின்னால்தான்.

தரை என்றால் 'பார்', அதாவது கடலடியில் உயர்ந்து நிற்கும் மேடு. பருத்தித்துறைக்கு வடகிழக்கே பேதுரு திட்டு என்ற பெரிய மேட்டுநிலம் கடலுக்கடியில் பரந்து கிடக்கிறது. கடல் வரைபடத்தில் ஆழக்கோடுகள் நெருங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், திட்டின் விளிம்பு அதுதான். திட்டின் நடுவில் நின்று நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஓடிவரும் நீர் சரிவில் மோதி மேலெழும்பும்போது கீழ்நீரில் உள்ள ஊட்டம் மேலே வருகிறது, அதன் பின்னால் சூடையும் நெத்தலியும் வருகின்றன, அவற்றின் பின்னால் பாரையும் அறக்குளாவும். இரை கூடுவது பெரும்பாலும் நீர் வந்து மோதும் பக்கத்தில். ஆகவே ஒரே பாரில் காலையில் கிழக்கு ஓரத்தில் இருந்த மீன், நீர் திரும்பியதும் மேற்கு ஓரத்துக்குப் போய்விடும். "நேற்று அதே இடத்தில் அள்ளினோம், இன்று ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இடத்தைச் சரியாகப் பிடித்து, பக்கத்தைத் தவற விட்டவர்கள்.

அப்படியென்றால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஜிபிஎஸ் காட்டும் நகர்வை நம்பாதீர்கள். எஞ்சினை நிறுத்தியதும் போட்டைக் காற்றும் சேர்த்துத்தான் தள்ளும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கழுத்தளவுக்குக் கடல்நீர் நிரப்பி, மூடியில் பளிச்சென்ற துணித் துண்டு ஒன்றைக் கட்டிப் போடுங்கள். மூடி மட்டும்தான் நீருக்கு வெளியே தெரியும், அதனால் காற்று அதை அவ்வளவாகப் பிடிக்காது. போட்ட இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, பத்து நிமிடம் கழித்துப் போத்தலுக்கு அருகே போய் இன்னொரு புள்ளி குறியுங்கள். இடைத்தூரம் 300 மீற்றர் என்றால் நீர் விநாடிக்கு அரை மீற்றர் ஓடுகிறது. பாரில் மீன் நன்றாகச் சுறுசுறுப்பாக இருக்கும் ஓட்டம் அது. போத்தல் கிடந்த இடத்திலேயே கிடந்தால் அவசரப்பட வேண்டாம், நீர் திரும்பும் நேரமாக இருக்கலாம். தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள். போத்தலை எடுத்துக்கொண்டு வர மறக்க வேண்டாம், கடலில் பிளாஸ்டிக் ஏற்கனவே போதுமான அளவு கிடக்கிறது.

நம்முடைய வற்று-பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தீவுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களிலும் பார்களின் இடுக்குகளிலும் அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வே நல்ல இழுவையை உண்டாக்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் இழுவை அதிகம்.

அடுத்தது நிறம். 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். கடல் ஆய்வாளர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். உங்களுக்கு ஒரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டு போதும். அடியில் ஒரு ஈயக்கட்டி, கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சு. நிழல் பக்கமாக இறக்குங்கள். தட்டு முதலில் பச்சையாகும், பிறகு மங்கும், ஒரு முடிச்சில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அடுத்ததில் காணாமல் போகும். அந்த முடிச்சை எழுதி வையுங்கள். நான்கு மீற்றரில் மறைந்த தட்டு, இரண்டு கிலோமீற்றர் தள்ளிப் போனதும் பன்னிரண்டில் மறைகிறது என்றால் நடுவில் ஒரு எல்லையைக் கடந்திருக்கிறீர்கள். திரும்பிப் போய் அதைத் தேடுங்கள். பெரும்பாலும் நுரையும் பாசியும் குப்பையும் கோடுபோல மிதப்பதைக் காண்பீர்கள். சிறு மீன் கலங்கலில் ஒளிந்திருக்கும், அறக்குளா தெளிந்த பக்கத்தில் நின்று வேட்டையாடும். ஆகவே கோட்டைக் குறுக்கே வெட்டாமல், தெளிந்த பக்கமாக வளைந்து வளைந்து இழுவைத் தூண்டிலைக் கொண்டுபோங்கள். மிதக்கும் மரத்தடி ஒன்று கண்ணில் பட்டால் அருகே போகும் முன்பே எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன் நிழலில் ஒரு கூட்டம் நிற்கலாம்.

ஆலாப் பறவைகளையும் பாருங்கள். அவை சும்மா பறப்பதற்கும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்வதற்கும் வித்தியாசம் உண்டு. பாய்கின்றன என்றால் கீழே பெரிய மீன் சின்ன மீனை மேலே துரத்துகிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நீங்கள் வரும் காலம் சோழகம். காற்று தென்மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம்போல இருக்கும். தரை காற்றைத் தடுப்பதும், அலை வளர இடம் இல்லாததும்தான் காரணம். பத்துக் கிலோமீற்றர் வெளியே போனதும் அதே காற்றில் அலை எழும்பியிருக்கும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் உங்களுக்குத் தெரியாது. திரும்பும்போது முகத்தில் அடிக்கும், எரிபொருளும் கூடுதலாகப் போகும். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு முன்னறிவிப்பில் காங்கேசன்துறை வரும் பகுதியை முதல் நாள் இரவும் அன்று காலையும் கேளுங்கள். காற்று மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டும் என்று சொன்னால் அன்று கரையில் நின்றே தூண்டில் போடுங்கள். உங்களால் முடியுமானால் அடுத்த முறை மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் வாருங்கள். வாடையும் (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து சோழகமும் தொடங்காத அந்த இடைவெளியில் திட்டின் விளிம்பு வரை நிம்மதியாகப் போய்வரலாம்.

1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த இந்திய-இலங்கைக் கடல் எல்லையை ஜிபிஎஸ்ஸில் கோடாகப் போட்டு, அதைத் தொடும் முன்பே சத்தம் எழுப்பும்படி வைத்துவிடுங்கள். படகின் பதிவும் அனுமதியும் பற்றி மச்சானைக் கடற்றொழில் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். வலை மிதவைகளைக் கண்டால் தூரமாகச் சுற்றிப் போங்கள். உங்கள் தூண்டில் கொளுவிக் கிழிவது ஒருவருடைய மாத வருமானம். புறப்படும் முதல் நாள் மாலை துறைக்குப் போய் வலை தைப்பவர்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். "நீர் எந்தப் பக்கம் இழுக்குது அண்ணை?" என்று மட்டும் கேளுங்கள், மீன் எங்கே என்று கேட்க வேண்டாம். முதல் கேள்விக்கு எவரும் மனம் திறந்து பதில் சொல்வார்கள், அந்தப் பதிலோடு உங்கள் வரைபடத்தைப் பிரித்தால் பாரின் எந்த ஓரத்தில் தொடங்குவது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.