பஃபரின் கடைசியில் சம்பந்தமில்லாத எழுத்துகள் வருவது ஏன்?

வேகத்துக்காக நோட் ஜேஎஸ்-இல் (ஜாவாஸ்கிரிப்ட் ப்ரோகிராமை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) பஃபர், அதாவது பைட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி இடம், எடுக்க பஃபர்.அலாக்அன்சேஃப் போட்டீர்கள், இப்போது அனுப்பும் ஃபைலின் கடைசியில் குப்பை வருகிறது, அதுதானே கேள்வி?

அது உங்கள் ப்ரோகிராமே முன்பு பயன்படுத்திய மெமரி. அலாக்அன்சேஃப் இடத்தை மட்டும் தரும், துடைத்துத் தராது. சிறிய பஃபர் என்றால் ஏற்கெனவே எடுத்து வைத்த பொதுத் துண்டிலிருந்து வெட்டிக் கொடுக்கும். 100 பைட் கேட்டு 60-இல் மட்டும் எழுதினால், மிச்சம் 40-இல் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டுகூடக் கிடக்கலாம்.

பஃபர் உருவாக்கும் பழைய வழியான ‘நியூ பஃபர்’ இதைவிட மோசமாக இருந்தது. எழுத்துச் சரம் கொடுத்தால் அந்த எழுத்துகள். எண் கொடுத்தால் அத்தனை பைட் துடைக்காத மெமரி! ஜேசனில் (தகவல் அனுப்பும் ஒரு வடிவம்) ‘வணக்கம்’ வர வேண்டிய இடத்தில் ஒருவர் 1000 என்று அனுப்பினால், அதை அப்படியே திருப்பி அனுப்பும் சர்வர் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் கக்கிவிடும். அதனால்தான் 2016-இல் அலாக் (எண் கொடுத்தால் பூஜ்யம் நிரப்பிய இடம்), ஃப்ரம் (எழுத்துச் சரத்திலிருந்து பஃபர்) என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். 2017-இல் வந்த நோட் 8-இலிருந்து பழையதும் பூஜ்யம் நிரப்பியே தருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: பேசாமல் அலாக் போடுங்கள். வேகம் அவசியம்தான் என்றால், ஃபைலைப் படிக்கும் ரீட் எத்தனை பைட் படித்ததாகச் சொல்கிறதோ அதுவரை சப்அரே கொண்டு பஃபரை வெட்டி, அதை மட்டும் அனுப்புங்கள்.