பீங்கான் வகுப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவைக்கு வெளியே ஒரு தோட்டத்தில், ஆறு பேருக்கு மட்டும் ஐந்து நாள் பீங்கான் வகுப்பு நடக்கிறது. நீங்களும் அப்படி ஒன்றில் கற்றதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நாங்கள் தறிக் குடும்பம். கட்டணம் எங்களுக்குப் பெரிய தொகை. "மண்ணைப் பிசையக் காசு கொடுப்பாயா?" என்கிறார் அம்மா. நான் இதுவரை களிமண்ணைத் தொட்டதே இல்லை. நேராகப் பீங்கானில் தொடங்கலாமா? வீட்டு ஊறுகாய் ஜாடியும் பீங்கான்தானே, கற்றுக்கொள்ள அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, சென்னிமலை

அன்புள்ள அம்மணி,

போகலாம். ஆனால் உடனே வேண்டாம். முதலில் உங்கள் பக்கத்துக் குயவர் ஒருவரிடம் பத்து நாள் உட்கார்ந்து சட்டி வனையப் பழகுங்கள். குளத்து மண் நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பீங்கான் மண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கையில் வெண்ணெய்போல வழுக்கும். தண்ணீர் சற்றுக் கூடினால் சக்கரத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிடும். பழகாமல் போய் முதல் இரண்டு நாளையும் பாழாக்கியவன் நான்.

ஊறுகாய் ஜாடியைப் பீங்கான் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உடைந்த ஜாடியின் சில்லு ஒன்றை எடுத்துப் பாருங்கள்: உள்ளே பழுப்பாகவோ சாம்பலாகவோ, ஒளி புகாத கல்லாக இருக்கும். அந்த வகுப்பில் பிசையப்போவது வேறு. ஏறத்தாழ பாதி கேயொலின் என்னும் வெள்ளைக் களிமண். மீதி ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மாவும். நம் மேட்டாங்காடுகளில் காலில் இடறுகிற அதே வெங்கச்சங்கல்தான். சூளை 1,300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றவற்றைப் பிணைத்துவிடும். மெல்லிதாக வனைந்த கிண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்தால், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். சீனத்தின் ஜிங்தெஷென் நகரத்தார் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவந்தது இது. அதன் அருகிலுள்ள காவோலிங் என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்ததுதான் கேயொலின். ஐரோப்பாவுக்கு இந்த ரகசியம் 1708 வாக்கில்தான் பிடிபட்டது. தங்கம் செய்து காட்டுவதாகச் சொல்லி சாக்சனி மன்னரின் காவலில் மாட்டிக்கொண்ட பெட்கர் என்ற இளைஞருக்கு அதில் பெரும்பங்கு. தங்கம் வரவில்லை. 1710-இல் மைசன் பீங்கான் ஆலை வந்தது. மன்னருக்கு நட்டமில்லை என்றே நினைக்கிறேன்.

இனி வகுப்பு. முதல் நாள் மாலைக்குள் தட்டுத்தடுமாறி ஆளுக்கொரு கிண்ணம் வனைந்துவிட்டோம். ஆறும் நிமிர்ந்து நின்றதில் எங்களுக்கு ஏகப் பெருமை. ஆசிரியை ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார், ஆறையும் நட்டநடுவில் அறுத்து வரிசையாக வைத்தார். என்னுடையதற்கு விளிம்பு நகக்கனம், அடி விரற்கனம். பக்கத்தில் இருந்த பல் மருத்துவரின் கிண்ணம் மேலிருந்து கீழ்வரை ஒரே கனம். இன்னொருவருடையதில் சுவருக்கு நடுவே ஒரு காற்றுக்குமிழி, உளுந்தளவில். பிசைந்தது போதவில்லை. அந்தப் பன்னிரண்டு துண்டுகளையும் சுற்றி அரை மணி நேரம் குனிந்து நின்றோம். எனக்கு அதுதான் வகுப்பு.

சிறு குழு என்றால் தனிக் கவனம் கிடைக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அது பாதிதான் சரி. தனியாகக் கற்றால் நம் தவறு ஒன்றுதான் கண்ணில் படும். இருபது பேர் இருந்தால் எதுவும் மனதில் தங்காது. ஆறு பேர் என்றால் ஒரு மண் ஆறு விதமாகக் கெடுவதை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று எனக்கே நேர்ந்தது. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது கை அழுந்தி டம்ளரின் வாய் நீள்வட்டமாகிவிட்டது. யாரும் பார்க்குமுன் விரலால் தட்டி வட்டமாக்கினேன். சூளையிலிருந்து வந்தபோது அதே நீள்வட்டம், அதே பக்கம். பாவில் ஓர் இழை தளர்ந்ததை நெய்யும்போது மறைத்துவிட்டாலும் முதல் சலவையில் போர்வை காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டம்ளரும் சுருங்கியிருந்தது, பத்து செ.மீ. உயரத்துக்கு வனைந்தது எட்டரையில் நின்றது.

பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஆளுக்கொரு சக்கரம் உண்டா? முதல் சூளையும், மெருகு பூசியபின் வைக்கும் இரண்டாம் சூளையும் கட்டணத்தில் சேர்த்தியா? ஐந்து நாளில் பாத்திரம் காய்வதே பெரிது; சுட்டதைப் பிறகு யார் அனுப்புவார்கள்? முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். உலர்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: இந்தக் காசுக்குக் கடையில் ஒரு பெட்டி நிறையக் கோப்பை கிடைக்கும், நீங்கள் கொண்டுவரப்போவது இரண்டோ மூன்றோதான், அதிலும் ஒன்று கோணலாக இருக்கும்.

ஆடியில் மட்டும் சேராதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது விளிம்பு காய்ந்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். எவ்வளவு மூடி வைத்தாலும் விரிசல் விடுகிறது. ஆவணி கழியட்டும். அதற்குள் சட்டி வனையக் கை பழகியிருக்கும்.