ஒரு தாக்குதலுக்கும் இரண்டு போர்களுக்கும் நடுவில்: பன்னாட்டு உறவுகள் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வரலாற்றில் இளங்கலை முடிக்கப்போகும் தங்கள் மகள் முதுகலையில் பன்னாட்டு உறவுகளைத் தேர்ந்தெடுக்க விரும்புவதாகவும், செய்தித்தாளில் நாள்தோறும் வருகிற விஷயத்திற்கு எதற்காக இரண்டு ஆண்டுப் படிப்பு என்று தாங்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல, அவர் என்னிடம் எழுதிக் காட்டிய கட்டுரையிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: "2001 செப்டம்பர் 11 தாக்குதலால் அமெரிக்கா ஆப்கானிஸ்தான் மீதும் இராக் மீதும் போர் தொடுத்தது." செய்தித்தாள் வாசகருக்கு இந்த வாக்கியம் போதும். ஆனால் இந்தத் துறையில் பிழைக்க நினைப்பவருக்கு 'தாக்குதலால்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை முடிவுகள் மறைந்திருக்கின்றன என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதங்களில், அமெரிக்கா உலகத்தின் முன் பணிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்றும், பிற நாடுகளைக் கட்டியெழுப்பும் வேலைக்குத் தன் படையை அனுப்பக் கூடாது என்றும் பேசியவர் ஜார்ஜ் புஷ். அவர் பதவியேற்ற எட்டாவது மாதத்தில் அல் கொய்தாவைச் சேர்ந்த 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தி 2,977 பேரைக் கொன்றார்கள். மூன்றே நாளில், அதிபர் படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் அளிக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. செனட்டில் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ.

அவர் ஏன் எதிர்த்தார் என்பதைத் தங்கள் மகள் ஆராய வேண்டும் என்று விரும்புகிறேன். தீர்மானத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் ஏறத்தாழ 60 சொற்கள்தாம். தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், செய்தவர்கள், உதவியவர்கள், புகலிடம் தந்தவர்கள் என்று அதிபர் தீர்மானிக்கும் நாடுகள், அமைப்புகள், நபர்கள் மீது படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்றது அது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை, எப்போது முடியும் என்ற வரம்பும் இல்லை. பத்தாண்டுகளுக்கும் பிறகு, 2001இல் உருவாகியே இராத ஐ.எஸ். அமைப்பின் மீது சிரியாவில் குண்டு வீசுவதற்கும் ஒபாமா அரசு அதே சொற்களையே ஆதாரமாகக் காட்டியது. சட்ட வரைவில் விடுபட்ட ஒரு வரம்பு இருபது ஆண்டுக் கொள்கையாக மாறும் விதத்தைக் கற்க இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆப்கானிஸ்தான் வரையிலான சங்கிலியைப் பின்தொடர்வது எளிது. தாக்குதலுக்கு மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு அவை 1368ஆம் தீர்மானத்தில் தற்காப்புரிமையை உறுதிப்படுத்தியது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதும் ஐந்தாம் பிரிவை நேட்டோ இராணுவக் கூட்டணி தன் வரலாற்றில் முதன்முறையாகக் கையில் எடுத்தது. அல் கொய்தாவின் தலைவர் பின்லேடனை ஒப்படைக்க, ஆப்கானிஸ்தானை ஆண்ட தாலிபான் மறுக்கவே அக்டோபர் 7 அன்று போர் தொடங்கியது. படையை நாடு கட்டும் வேலைக்கு அனுப்பமாட்டேன் என்றவரின் அரசு தொடங்கிய அந்தப் பணி, 2021 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அமெரிக்க வீரர் காபூலை விட்டுப் புறப்படும்வரை நீண்டது.

இராக்கில்தான் அந்த வாக்கியம் உடைகிறது. கடத்தியவர்களில் 15 பேர் சவூதியர்கள். மற்ற நால்வர் அமீரகம், எகிப்து, லெபனான் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இராக்கியர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க பாக்தாத் எப்படி உள்ளே வந்தது? இராக் அதிபர் சதாமை அகற்றுவதை அமெரிக்கக் கொள்கையாக அறிவிக்கும் சட்டம் கிளின்டன் காலத்திலேயே, 1998இல், வந்துவிட்டது. தாக்குதல் நடந்த அதே வார இறுதியில் கேம்ப் டேவிட் ஆலோசனையில் பாதுகாப்புத் துணைச் செயலர் உல்ஃபோவிட்ஸ் இராக்கைத் தாக்குவது பற்றிப் பேசினார். அரிசி ஏற்கெனவே உலையில் கிடந்தது, நெருப்பு மட்டும் செப்டம்பரில் வந்தது என்பது என் கணிப்பு. இதில் மாறுபடும் அறிஞர்களும் உண்டு. அச்சுறுத்தல் முழு உருவம் பெறுமுன்பே முந்திச் சென்று தாக்கலாம் என்று 2002 செப்டம்பரில் வெளியான தேசியப் பாதுகாப்பு உத்தி ஆவணம் அறிவித்தது. அடுத்த மாதம், இராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் அளிக்கும் தீர்மானம் நிறைவேறியபோது, முன்பு ஒற்றை எதிர்ப்பு மட்டுமே இருந்த பிரதிநிதிகள் சபையில் 133 பேர் எதிர்த்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2003 மார்ச்சில் படையெடுப்பு தொடங்கியது. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. இராக்கும் அல் கொய்தாவும் கூட்டாகச் செயல்பட்டதற்குச் சான்றில்லை என்று 9/11 விசாரணை ஆணையம் 2004 ஜூலையில் எழுதியது.

இதெல்லாம் வாஷிங்டனின் கதை, நமக்கென்ன என்று தாங்கள் கேட்கலாம். இராக்கிற்குப் படை அனுப்பும்படி இந்தியாவை அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்ப இயலாது என்று வாஜ்பாய் அரசு 2003 ஜூலையில் மறுத்தது. அப்படிப்பட்ட முடிவுக்கு முன் குறிப்புகளைத் தயாரிப்பவர்கள், தங்கள் மகள் எழுத நினைக்கும் அதே குடிமைப் பணித் தேர்வின் வழியாக வெளியுறவுப் பணிக்கு வந்தவர்கள்தாம்.

இனி வேலைவாய்ப்பு. விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் எல்லோரும் தாண்டிச் செல்லும் ஒரு வரி உண்டு: 2002இல் அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்தும் சேர்ந்து அரபு மொழியில் வழங்கிய இளங்கலைப் பட்டங்கள் வெறும் ஆறு. போருக்குச் செலவழிக்கப் பணம் இருந்தது, பிடிபட்ட காகிதத்தைப் படிக்கப் போதிய ஆள் இல்லை. 2006இல் அரபு, பாரசீகம், சீனம், ரஷ்யம், இந்தி போன்ற மொழிகளைக் கற்பிக்கப் புஷ் அரசு தனித் திட்டமே தொடங்க நேர்ந்தது. ஆகவே பன்னாட்டு உறவுகளை மட்டும் படித்த பட்டதாரியைவிட, ஒரு பகுதியையும் அதன் மொழியையும் சேர்த்துப் படித்தவருக்கு மதிப்பு அதிகம். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அரபு, பாரசீக, உருது மொழித் துறை இருக்கிறது. தொடக்கநிலை அரபுக்கு எந்த வகுப்பில் சேரலாம் என்று அங்கு நேரில் விசாரிக்கலாம்.

முதுகலைக்கு, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியையும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தையும் 'க்யூட்' (CUET) எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு வழியாக முயலட்டும்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறையையும் பட்டியலில் வைத்துக்கொள்ளட்டும். குடிமைப் பணித் தேர்வை மட்டுமே நம்பி இதில் இறங்குவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். ஆய்வு நிறுவனங்கள், ஊடகங்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுகள், கப்பல், எண்ணெய், காப்பீட்டு நிறுவனங்களின் இடர் ஆய்வுப் பிரிவுகள் ஆகியவற்றிலும் இடமுண்டு, ஆனால் முதல் சில ஆண்டுகளில் ஊதியம் பொறியியல் படித்த அண்டை வீட்டுப் பிள்ளையினுடையதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதைத் தாங்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் போடுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 2001 செப்டம்பர் தீர்மானத்தையும் 2002 அக்டோபர் இராக் தீர்மானத்தையும் தங்கள் மகள் அருகருகே வைத்துப் படித்து, எந்தச் சொற்கள் மாறின, எதிரியின் பெயர் எங்கே நுழைந்தது, செப்டம்பர் 11 இரண்டாவதில் எப்படிக் குறிப்பிடப்படுகிறது என்று தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதட்டும். அந்த வேலை அவருக்குச் சலிப்பூட்டினால் வரலாற்று ஆசிரியர் பணிக்கான பி.எட். பற்றிப் பேசுவோம், நேரம் போனது தெரியாமல் எழுதியிருந்தால் கட்டண விவரங்களோடு இருவரும் வாருங்கள்.